தையல்காரர் தைத்த ஒளி

வெள்ளைத் துணியின்மேல் மஞ்சள் துணியை வெட்டிவைத்து, ‘ஒளி’ என்று இரண்டே எழுத்தைப் பெரிதாகத் தைத்து முடித்தார் தையல்காரர். சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். கடவுள் தம்மை மனிதருக்கு எப்படி வெளிப்படுத்தினார் என்று பேசப்போவதும் அவர்தான். போதாததற்கு, மகளைப் பெண் கேட்டிருக்கும் ரொட்டிக்கடை அம்மாள் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவருக்கு ஒரே கவலை, தங்கை. முப்பது வயது தாண்டியும் அவள் மனசு குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டிதான். அவளைப் பார்த்தால் சம்பந்தம் கைநழுவிப் போய்விடும் என்று தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் பயம். அதனால் யார் வந்தாலும் அண்ணன் அவள் காதில் “ஒளி” என்பார். ஏதோ விளையாட்டென்று நம்பி, அவளும் உள்ளறை பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பக்தியுள்ள குடும்பம்தான், என்ன செய்ய!

அன்று வேலை மும்முரத்தில் அவளிடம் சொல்ல இருவருமே மறந்துவிட்டார்கள். நாற்காலிகள் நிறைந்து, தையல்காரர் பேச எழுந்த நேரம், குட்டி தன் பாட்டுக்குக் கூடத்துக்கு வந்து நின்றாள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவளோ சுவரில் தொங்கிய துணியையே பார்த்தாள். அண்ணன் மகள் சொல்லிக் கொடுத்ததில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் அவளுக்கு.

“ஒ... ளி” என்று வாசித்தவளின் முகம் வாடிவிட்டது. “இவ்ளோ பெருசாவா எழுதி வைக்கணும்? போறேண்ணே” என்று அவசரமாக உள்ளே போனாள்.

ஓரிருவர் சிரித்தார்கள். ரொட்டிக்கடை அம்மாள் சிரிக்கவில்லை. “எங்க போறா அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

பொய் ஒன்று தையல்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது மெய்தான் வந்தது.

“ஒளிஞ்சுக்கப் போறாம்மா. நாங்கதான் அப்படிப் பழக்கினோம்.”

விடுவிடுவென்று உள்ளே போனவர், பீரோவுக்குப் பின்னால் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தவளைக் கைபிடித்து அழைத்து வந்தார். தமது நாற்காலியிலேயே உட்கார வைத்து, “இவ என் தங்கச்சி” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

ரொட்டிக்கடை அம்மாள் எழுந்து வந்து குட்டியின் பக்கத்தில் அமர்ந்தார். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு உனக்கு என்ன நிறத்தில் உடுப்பு வேண்டும் என்று விசாரித்தார். குட்டி யோசிக்கவே இல்லை, மஞ்சள் என்றாள். தையற்கூலி அண்ணனுக்குக் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னாள். கூடமே கலகலவென்று சிரித்தது. தையல்காரரின் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சு என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். தையல்காரர் தங்கையின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“கடவுள் தன்னை மறைச்சு வெச்சுக்கல. இயேசுவா, நம்மள்ல ஒருத்தரா, எல்லாரும் பாக்க வந்து நின்னாரு. அதுதான் வெளிப்பாடு. வீட்டு மனுஷியையே ஒளிச்சு வெச்சுட்டு, நாம யாருக்கும் ஒளியா இருக்க முடியாது. என் பேச்சு அவ்வளவுதான்.”