வேலுமணி பெயர் வைத்த மீன்கள்

1

இந்தக் கதையை நான் சங்ககிரியில் ஒரு டீக்கடை பெஞ்சிலிருந்து எடுத்துவந்தேன். 1978இல், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "லாரிக்காரன் மியூசியம் பாக்கப் போனான்னு சொன்னா எந்தப் பொம்பள நம்புவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. போனது யார், நம்பாதது யார் என்று கேட்க ஆசைதான், ஆனால் அடுத்த பஸ் மத்தியானம்தான். அதனால் மீதியை நானே உண்டாக்கிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, அந்த வேலை எனக்கு நன்றாகவே வரும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கடல் நீலமாக விரிந்து—"

அடித்துவிட்டேன். கடல் நீலம் என்று சொல்ல எழுத்தாளன் தேவையில்லை.

அடுத்தது: "வேலுமணி நல்லவன்." இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். தவிர, அவன் நல்லவனா என்பது அப்போது எனக்கே தெரியாது.

நிலைத்தது இது: வேலுமணியின் லாரியில் அவன் மனைவி வசந்தாமணி ஏறி உட்கார்ந்ததைச் சங்ககிரியே வேடிக்கை பார்த்தது.

லாரிக்காரர்கள் வீட்டுப் பெண்களை லோடுக்குக் கூட்டிப்போவதில்லை. வசந்தாமணி பிடிவாதமாக ஏறினாள். காரணம் செங்கோடன். வேலுமணியோடு மாற்றி மாற்றி லாரி ஓட்டுபவன். சிமெண்டு மூட்டைகளைக் கடற்கரையில் இறக்கிவிட்டு உப்பு லோடுக்குக் காத்திருக்கும் நாளில், வேலுமணி வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, லாரியைச் செங்கோடனிடம் விட்டுவிட்டு, ரயிலேறி எதிரே இருக்கும் தீவுக்குப் போய்விடுகிறான். எங்கே என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வொரு லோடுக்கும் இதே கதை. செங்கோடன் தன் மனைவியிடம் சொல்ல, அவள் ஒரு காதுகுத்து விருந்தில் வசந்தாமணியின் காதிலும் போட்டுவிட்டாள்.

(தீவூரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் ஒருவர் ரயிலேறிப் போய்ச் சரிபார்ப்பார். எனக்கு அந்த ஆளைத் தெரியும்.)

கிளம்புவதற்கு முன் வசந்தாமணி பிள்ளைகள் இருவரையும் பரமத்தி வேலூரில் அண்ணன் சின்னண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். விஷயத்தைக் கேட்ட சின்னண்ணன், வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய பழைய வீட்டைச் சுத்தம் செய்து வைப்பதாகச் சொன்னார். உப்பு லோடு திரும்பும் வழி கரூர் தாண்டி வேலூர்ப் பாலத்தின் வழியாகத்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சங்ககிரி போவதா, பிள்ளைகளோடு அங்கேயே இறங்கிக்கொள்வதா என்பதைப் பாலம் வருவதற்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும்.

3

கரையை அடைந்தபோது அந்திநேரம். தீவின் முனையில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டிருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான கோபுரம். அதன் ஒளி சுற்றிவந்து லாரியின் கண்ணாடியில் பட்டது. வேலுமணி சட்டென்று ஹெட்லைட்டைத் தாழ்த்தினான். ஒளி மறுபடி வந்தது. மறுபடி தாழ்த்தினான்.

வசந்தாமணி ரோட்டைப் பார்த்தாள். எதிரே ஒரு வண்டியும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

"ஆருக்குங்க மாமா டிப் அடிக்கறீங்க?"

"எதுத்தாப்ல லைட் அடிச்சா டிப் அடிக்கோணும்ல புள்ள. கை தன்னால போயிருது."

(லாரி தெரியாதவர்களுக்காக: ராத்திரி ரோட்டில் இதுதான் மரியாதை. எதிரே வருபவன் கண் கூசாமல் விளக்கைத் தாழ்த்தாதவனை லாரிக்காரர்கள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேலுமணி ஒரு கட்டடத்துக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தான். இதை யோசித்து எழுதியதில் எனக்குப் பெருமைதான்.)

வசந்தாமணி வேறு மாதிரி எண்ணினாள். வந்துவிட்டேன் என்று அக்கரையில் ஒருத்திக்குச் சைகை போகிறது. கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றை அவள் தொடவே இல்லை.

4

மறுநாள் காலை செங்கோடன் லாரியில் தங்க, இருவரும் ரயிலில் தீவுக்குப் போனார்கள். எங்கே போகிறீர்களோ அங்கேயே என்னையும் கூட்டிப்போங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அவன் அவளை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனான்.

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. மாட்டிக்கொண்டவன் அவசரத்துக்குக் கண்ணில் பட்ட வாசலில் நுழைந்திருக்கலாம் அல்லவா? அதனால் அவனை உள்ளே அனுப்பிச் சோதித்துப் பார்த்தேன்.

பாட்டில்களில் மீன்கள், கண்ணாடிப் பெட்டிகளில் சங்குகள். பெயர்ச் சீட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. வேலுமணிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆனாலும் தயங்காமல் ஒவ்வொன்றாகக் காட்டினான். கூரையிலிருந்து தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டுக்குப் பெயர் பாடி கட்டாத வண்டி. மீசை வைத்த கடல் மிருகம் ஒன்று கட்டுத்தாரை எருமை, அதாவது தொழுவத்தில் கட்டிய எருமை. கன்னம் உப்பிய ஒரு மீனின் முன்னால் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"இதுக்கு என்ன பேருங்க?"

"கோவிச்சுக்காத புள்ள. இது உங்க சின்னண்ணன்."

குனிந்து பார்த்தாள். அண்ணனேதான். பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் உட்கார்ந்திருக்கும் அதே முகம். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

(ஒரு பிரதியில் அவன் ஒரு சங்குக்கு வசந்தாமணி என்று பெயர் வைத்திருந்தா— வேண்டாம். அவ்வளவு சர்க்கரை போட்டால் எறும்பு வந்துவிடும்.)

ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் சிரிப்பார்கள் என்றான். ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தானாம். லாரி, லோடு, டயர் என்று எதையும் நினைக்காமல் அரை நாள் போனதாம். அதற்குப் பிறகு வராமல் இருக்க முடியவில்லையாம்.

அவள் மனம் இளகத் தொடங்கியது. இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு கட்டடம் நிறைய மீன்களுக்குப் பெயர் வைக்க நேரம் ஏது? தப்பான பெயர்களாகவே இருக்கட்டும், ஒரே நாளில் வைத்த பெயர்கள் இல்லை அவை.

5

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆனால் ஊரில் இன்னொரு மியூசியம் இருந்தது. ஒரு பழைய பங்களாவில் நங்கூரங்கள், காசுகள், மூழ்கிய கப்பலின் மணி ஒன்று. அங்கே டிக்கெட் கொடுப்பவர் வேலுமணியைப் பார்த்ததும் சிரித்து, கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வசந்தாமணி அப்போது வாசலுக்கு வெளியே செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே அவர் அவளைப் பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

இந்த இரண்டு டிக்கெட்டை நான் திட்டம் போட்டு எழுதவில்லை. கை எழுதிவிட்டது. அடித்துவிட்டு ஒரே டிக்கெட் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. இரண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வசந்தாமணி அதைப் பார்த்தாள். கப்பல் மணியை அவன் காட்டியபோது அவள் காதில் எதுவும் விழவில்லை.

6

கடைசியாகக் கலங்கரை விளக்கம். அடியில் வந்ததும் வேலுமணி நின்றுவிட்டான்.

"இதுல மட்டும் நான் ஏறுனதே இல்ல. ஒத்தையாளா வந்தா மேல உட மாட்டாங்க. ஆராவது குதிச்சுப்புடுவாங்கன்னு பயம். செங்கோடன் லாரிய உட்டுப்போட்டு வர மாட்டான்."

வசந்தாமணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் இங்கே ஒருவருக்கு உண்மை தெரியும். அவன் ஒவ்வொரு தடவையும் தனியாக வந்து திரும்பிப்போனானா, யாருடனாவது ஏறினானா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் காக்கிச் சட்டையோடு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

அ. காவலர் சிரிக்கிறார்: "இன்னைக்காச்சும் துணைக்கு ஆள் கிடைச்சுதா?" வசந்தாமணி அழுகிறாள். சுபம்.

ஆ. காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு: "அந்தம்மா வரலையா?" வேலூர்ப் பாலம். பழைய வீடு.

இரண்டையும் நன்றாகவே எழுதினேன். நீங்கள் எதைப் படித்திருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

காவலர் எழுந்து வந்தார். வேலுமணியை அடையாளம் தெரிந்துகொண்டார். "அட, நீங்களா. போன தடவை—"

"அத எங்கிட்டச் சொல்ல வேண்டாங்க," என்றாள் வசந்தாமணி. "அவருக்கு மேல ஏறோணும்னு ஆசை. கதவத் தொறந்து உடுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பல நாள் அவளோடு சண்டை போட்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிடு தாயே, கேட்டால் தெளிந்துவிடும் என்றேன். அவள் மசியவில்லை. இந்தக் காவலர் சொல்லித்தான் இன்றைக்கு அவனை நம்ப வேண்டுமென்றால், அடுத்த லோடுக்கு இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும், அதற்கு அடுத்த லோடுக்கு வேறொருவரை. கட்டினவனை ஊர் ஊராகச் சாட்சி வைத்துக் காப்பாற்ற அவளுக்குத் தெம்பு இல்லை. நம்புவதோ விடுவதோ, அது அவள் மனசோடு போகட்டும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக மரியாதையும் வந்தது.

கதவு திறந்தது. அவள் முன்னால் ஏறுகிறாள். சுவரைப் பிடித்தபடி வேலுமணி பின்னால் போகிறான். அவனுக்கு உயரம் என்றால் பயம் என்பதை இப்போதுதான் நானே பார்க்கிறேன். நானும் அவர்களோடு மேலே போகிறேன்.

உங்களை விட மாட்டார்கள். நீங்கள் ஒற்றை ஆள். கீழேதான் நிற்க வேண்டும். பக்கத்தில் காவலர் இருக்கிறார், பாதியில் நின்ற வாக்கியம் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. அவருக்குப் பேச்சுத்துணை பிடிக்கும். கேட்டால் சொல்லிவிடுவார்.

கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம். கேட்டுத் தெரிந்துகொண்டால், நாங்கள் இறங்கி வரும்போது வசந்தாமணியின் முகத்தைப் பார்க்காதீர்கள்.