ஒரு சொட்டு உள்ளே வராது

கடியப்பட்டணத்தில் அந்தப் பழைய சுமோவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் தும்மினார்கள். பிறகுதான் பேசினார்கள்.

கோட்டாற்றில் ஒரு மளிகைக்காரர் பல வருஷம் அதில் வத்தல் மிளகாய் மூட்டை ஏற்றியிருந்தார். சீட்டில் தட்டினாலும் சரி, கூரைத் துணியில் தட்டினாலும் சரி, காரம் பறந்தது. தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்து, கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிந்தது.

“இது வண்டியா, சல்லடையா?” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான் பிரைட்டன், டெல்வினின் அண்ணன். “லேய், இதுலயா மலைக்குப் போறே? மலைதான் எறங்கி வந்து உன்னயப் பாக்கணும்.”

டெல்வின் சிரித்தான். அவன் மனைவி அபினா சிரிக்கவில்லை. இந்த ஓட்டை வண்டி ஓடியே ஆக வேண்டும் அவளுக்கு.

போன மழைக்காலத்தில் டெல்வின் போன வள்ளம் இரண்டு இரவு கரை திரும்பவில்லை. எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்த பக்கமெல்லாம் அலைந்து, உதடு வெடித்து வந்து இறங்கினார்கள். ஊரே கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியது. அபினா வாசலை மறித்து நின்று, “இனி கடலா, நானா? சொல்லுங்க” என்றாள்.

பதில் சொல்ல அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. கரையில் இருக்கச் சம்மதம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பழைய வண்டி ஒன்றை எடுத்துச் சரிபண்ணி, கன்னியாகுமரி லாட்ஜுகளில் தங்குகிறவர்களைக் காடு, மலை, ஆறு என்று சுற்றிக்காட்டப் போகிறேன் என்றான். ஆற்றங்கரையில் கூடாரம், அங்கேயே சமையல், பாட்டு.

“சரியா வரலேன்னா?” என்று கேட்டாள் அபினா.

“வரலேன்னா என்ன, அண்ணனுக்க வள்ளத்துல எனக்கு எடம் கிடக்கு.”

அந்தப் பேச்சுதான் அவளைத் தூங்க விடவில்லை. பிரைட்டன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஆழ்கடலுக்குப் புறப்பாடு. தம்பிக்கு இடம் பிடித்தும் வைத்திருந்தான்.

எஞ்சின் வேலையை நாகர்கோவிலில் ஞானம் மெக்கானிக் பார்த்தார். உடம்பு வேலையை டெல்வின் தானே எடுத்துக்கொண்டான். கடலுக்குப் போகாத நாளில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவன் அவன். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஃபைபர் பாயை விரித்து ரெசின் பசை ஊற்றி, அடுக்கடுக்காகத் தரை போட்டான். அந்த நாற்றத்தில் மிளகாய்க் காரம் தோற்றுப் போனது. பின்சீட்டைக் கழற்றிப் படுக்கப் பலகை அடித்தான். கூரைக்குக் கீழே பழைய வலையைத் தொங்கவிட்டு, துணிமணி வைக்க இடம் பண்ணினான். எஞ்சின் காற்றிழுக்கும் குழாயைக் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை ஏற்றினான். “மூக்கு மேல இருந்தா முங்கமாட்டான், கேட்டியா” என்று அபினாவிடம் விளக்கம் வேறு.

வண்டியின் அடியில் கம்பெனியே வைத்த வட்ட ஓட்டைகள் சில இருந்தன.

“இது எந்த மடையன் வச்ச ஓட்டை?” என்றான் டெல்வின்.

“உள்ள வாற தண்ணி வெளிய போறதுக்குடே. அடைக்காத” என்றார் ஞானம்.

“உள்ள வந்தாத்தானே அண்ணே வெளிய போவணும்?”

எல்லாவற்றையும் ரெசின் போட்டு அடைத்தான். வள்ளத்துக்காரனுக்கு அடியில் ஓட்டை என்றால் அது ஓட்டைதான். கதவுகளுக்குப் புது ரப்பர் வைத்தான். குடம் குடமாகத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு, வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தான். கசிவே இல்லை. அன்று முழுக்கத் தெருவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னான்: “ஒரு சொட்டு வெளிய போவாது. ஒரு சொட்டு உள்ளயும் வராது.”

பிரைட்டனின் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, பிள்ளைகளை அபினாவின் அம்மாவிடம் விட்டுவிட்டு வெள்ளோட்டம் புறப்பட்டார்கள். “இது நல்லபடியா முடிஞ்சா கரை” என்றான் டெல்வின். மீதியை அவன் சொல்லவில்லை.

வண்டி அபினா நினைத்ததைவிட நன்றாகவே ஓடியது. குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறியது. ஒரு சப்பாத்து வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே கைப்பிடிச் சுவர் இல்லாமல் கிடக்கிற தாழ்ந்த பாலம். கணுக்கால் அளவு தண்ணீர். சளசளவென்று கடந்தார்கள். அக்கரையில் பாறை நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கிழங்கு வேகவைத்தாள். டெல்வின் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாடினான். எவ்வளவு மோசமாகப் பாடுகிறான் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

மதியத்துக்கு மேல் வடக்கே மலை கறுத்தது. மேலே கொட்டிய மழை அவர்கள் மேல் ஒரு துளிகூட விழவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சப்பாத்தைக் காணோம். செந்தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக் காவல் கற்களின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

“கொஞ்சம் நிண்ணு போவோமே” என்றாள் அபினா.

“ரெண்டடிதான் இருக்கும். இதுக்கே நிண்ணா ஆளுவள எப்படிட்டி கூட்டிட்டு வருவேன்? அதுக்குப் பேசாம வள்ளத்துலயே போவலாம்.”

வள்ளம் என்ற சொல் காதில் விழுந்ததும் அபினா வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பயணத்துக்குக் குறுக்கே நின்றது தானாக இருக்கக் கூடாது.

வண்டி இறங்கியது. கால்வாசி தூரம் உறுதியாகப் போனது. பாதியில் சத்தம் மாறியது. சக்கரத்துக்கு அடியில் கரகரத்த தரை திடீரென்று இல்லாமல் போனது. டெல்வின் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான். வண்டி கேட்கவில்லை. அதன் பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் ஒதுங்கியது.

“இது என்னங்க… மிதக்குதா?”

“மிதக்குது” என்றான் டெல்வின். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கண் தானாகக் காலடிக்குப் போனது. “ஒரு சொட்டு உள்ள வரல்ல, பாத்தியா!”

பின்சக்கரம் காவல் கல்லில் டங்கென்று இடித்தது. இடது ஜன்னல் வழியே அபினா எட்டிப் பார்த்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஆளுயரம் விழுந்து பாறைகளில் நுரைத்தது. வண்டி கல்லின் மேல் ஏறப் பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் போட்டது.

வீட்டுத் தொட்டியில் குடத்தை விட்டால் என்ன ஆகும்? வெறுங்குடம் நிற்காது, சாய்ந்து சாய்ந்து ஓடும். தண்ணீர் ஏறினால்தான் அடியில் போய் உட்காரும். அபினாவுக்கு அது நினைப்பாக வரவில்லை, கைப்பழக்கமாகத்தான் வந்தது. கதவின் பிடியைப் பிடித்துவிட்டாள்.

“ஏட்டி! தொறக்காத! வெள்ளம் உள்ள வந்துரும்!”

“வரட்டும்! வந்தாத்தான் நிக்கும்! உங்க கதவையும் தொறங்க!”

டெல்வினின் கை கதவுப் பிடியில் இருந்தது. திறக்கவில்லை. பிறந்ததுமுதல் தண்ணீரை வெளியே இறைத்துப் பழகிய கை அது. 

“டெல்வினு, கதவத் தொற!”

கல்யாணமான பிறகு அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் விழித்தபடி இருக்க, அபினா சீட்டில் சாய்ந்து இரண்டு காலாலும் தன் பக்கத்துக் கதவை உதைத்தாள். ஒரு உதை, இன்னொரு உதை. இடுக்கு விழுந்ததுதான் தாமதம், சில்லென்று செந்தண்ணீர் பாய்ந்து வந்து அவள் மடிவரை ஏறியது. ஸ்டவ் மிதந்தது. மிச்சக் கிழங்கு மிதந்தது. டெல்வினின் செருப்பு மிதந்து வந்து அவள் முழங்காலில் முட்டியது.

வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. நான்கு சக்கரமும் சிமெண்ட் தரையைத் தொட்டன.

“போங்க! இப்பப் போங்க!”

நல்லவேளை, எஞ்சினின் மூக்கு மேலே இருந்தது. அது நிற்காமல் இருமிக்கொண்டே இழுத்தது. காவல் கற்களை உரசி, ஒரு பக்கத்துப் படிப்பலகையைப் பறிகொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கரைச் சரிவில் ஏறி நின்றது.

கதவுகளைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. கொட்டி முடித்த பிறகும் தரையில் ஒரு சாண் அப்படியே கிடந்தது. போக வழியில்லை. டெல்வின் ஜாக்கிக் கம்பியை எடுத்து, தான் அடைத்த இடங்களை ஒவ்வொன்றாக இடித்துத் திறந்தான். தண்ணீர் கீழே கொடகொடவென்று இறங்கியது. அபினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள்.

அவன் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.

“கடல்ல அந்த ரெண்டு ராத்திரியும் எனக்கு இப்படி இல்லட்டி. செத்தாலும் நான் ஒருத்தன், நீ கரையில கிடக்கேன்னு ஒரு தைரியம். இண்ணைக்கி நீயும் உள்ள இருந்தே. எனக்குக் கை ஓடல்ல.”

“எனக்கு அந்த ரெண்டு ராத்திரியும் இப்படித்தான்” என்றாள் அபினா. “கரையில கிடந்தாலும் உள்ளதான் இருந்தேன்.”

 டெல்வின் கையில் ஒட்டிய ரெசின் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

மறுபடி புறப்பட்டு ஒரு வளைவு தாண்டியதும் டேஷ்போர்டில் பாலித்தீன் பைக்குள் கிடந்த செல்போன் சத்தம் போட்டது. சிக்னல் வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தான். பிரைட்டனின் குரல் வெளியே வரை கேட்டது.

“லேய், திங்கக்கிழமைக்கு வாறியா, இல்லியா? ஐஸ் ஏத்தப் போறோம்.”

“இல்லண்ணே. வேற ஆளப் பாரு.”

“ஏம்லே? வண்டி பறக்குதோ?”

“பறக்கல்ல, மிதந்துது. அத விடு. எனக்குப் பயமாட்டு இருக்கு.”

“என்னது?”

“வெள்ளத்தக் கண்டா பயமாட்டு இருக்குண்ணேன்.”

அந்தப் பக்கம் பிரைட்டன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கடலோர ஊரில் ஒருத்தனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. டெல்வின் எரிந்து விழப்போகிறான், போட்டிக்காவது வள்ளம் ஏறப்போகிறான் என்று அபினா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவனோ போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்து, அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தான்.

“சிரிச்சு முடிச்சியா? அம்மைட்ட சொல்லு, நாங்க வர நேரமாவும். சோத்துக்கு எதிர்பாக்காண்டாம்.”

போனை வைத்துவிட்டு கியர் போட்டான். “அடுத்த சனிக்கிழமை பிள்ளையளயும் கூட்டிட்டு வருவமா?” என்று கேட்டான். “சப்பாத்து இல்லாத ரோடாப் பாத்து.”

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். ஈர சீட்டில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அபினா தூங்கிப் போயிருந்தாள்.