குமிழிநாட்டு மண்

வானதி ஊற்றிய பால் உள்ளே போகவில்லை. அப்பா வீரையன் பல்லைக் கடித்துக்கொண்டார். பால் கடைவாயில் வழிந்து, காதோரம் இறங்கி, தலையணை உறையில் ஊறியது.

"பாத்தியா, கடிக்கிறாரு," என்றாள் அவருடைய தங்கை குந்தவை. "மங்களா, நீ ஊத்து."

அம்மா அதே கரண்டியை வாங்கி ஊற்றினாள். வாய் திறந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அண்ணன் ராஜராஜன் வானதியைப் பார்த்தான். "மீன் வாட புடிக்கல போலருக்கு."

அப்பாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்து பன்னிரண்டு நாளாகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான்கு நாளாக வெறும் மூச்சு. உயிர் யாரையோ தேடுது என்று அத்தைதான் வானதிக்கு போன் பண்ணச் சொன்னாள். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன். நாகப்பட்டினத்திலிருந்து அவள் கணவன், கடலுக்குப் போகிற சிங்காரவேலு, பைக்கில் கூட்டிவந்தான். "மாப்ள தெருமொனையிலயே நிக்கட்டும்," என்றான் ராஜராஜன். குழாயடியில், வெயிலில் நிற்கிறான்.

"ஒன்னத்தான் தேடுறாருன்னு நெனச்சோம்," என்றாள் அத்தை. "ஒன்னயும் இல்லங்கறாரு. பின்ன யார வச்சுக்கிட்டு இந்த இழுவ இழுக்கறாரு?"

வானதி கரண்டியைக் கழுவி வைத்தாள். வழி நெடுக அவள் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். வானதிப்பட்டணம் இன்னும் இருக்கிறதா?

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகுப் பலகையை ஏற்றி இறக்குகிற வேலை. முப்பது வருடம் ஊரார் வயலுக்குத் தண்ணீர் விட்டு, கடைமடைக்காரர்களிடம் முப்பது வருடம் திட்டு வாங்கினார். அவளுக்கு ஏழு வயதானபோது, ஒருநாள் ஆபீஸ் தாளின் பின்பக்கம் ஒரு நாடு வரைந்தார். குமிழிநாடு. அந்த நாட்டில் ஏறாறு கடைமடையில் பிறந்து மேட்டை நோக்கி ஏறும். கடைசி வயல்தான் முதலில் நனையும். யாரும் லஸ்கரைத் திட்ட முடியாது. வடக்கே பதர்மலை, காற்றடித்தால் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். நடுவில் நண்டுக்கோட்டை. அங்கே வரி கட்டாதவன் காலை நண்டு பிடித்துக்கொள்ளும். ஆறு பிறக்கும் இடத்தில் தலைநகரம். அதற்கு அவள் பெயர்.

பன்னிரண்டு வயதில் அவள் அந்த விளையாட்டை விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. தாளோடு தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டி ஒட்டி நாடு வளர்ந்துகொண்டே போனது. சிங்காரவேலுவோடு போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்ட பிறகு அப்பா பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, படத்தில் தன் ஊர் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்தபோதும் அதைத்தான் நினைத்தாள்.

"மண்ணாசதான்," என்று முடிவு சொன்னாள் அத்தை. "எங்கப்பாவும் இப்பிடித்தான் கெடந்தாரு. வயக்காட்டு மண்ண கரச்சு ஊத்துனதும் அடங்குச்சு. ராஜா, போடா."

ராஜராஜன் வடக்கு வயலிலிருந்து ஒரு கட்டி மண் கொண்டுவந்தான். டம்ளரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கரண்டியால் ஊற்றினான். அப்பா துப்பினார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவன் சட்டையெல்லாம் சேறு. கொல்லை மண்ணைக் கரைத்தார்கள். அதுவும் வழிந்தது.

"வேற எங்க மண்ணு இருக்கு இந்தாளுக்கு?" என்றான் ராஜராஜன், சட்டையைத் துடைத்தபடி. "சர்க்கார் மதகுலயா போயி வெட்டிட்டு வர?"

வானதி அம்மாவைப் பார்த்தாள். "அந்தப் படம் எங்கம்மா?"

அம்மா உள்அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "பீரோ மேல. போயி நல்லா பாத்துக்க," என்றாள்.

உள்அறையில் தரை முழுக்க விரித்தாள். சுவரிலிருந்து கட்டில் கால் வரை வந்தது நாடு. பதர்மலைக்குப் பக்கத்தில் இரண்டு மலைகள் புதிதாக முளைத்திருந்தன. நண்டுக்கோட்டைக்கு அகழி வந்திருந்தது. ஏறாற்றின் ஒவ்வொரு மதகுக்கும் எண் போட்டிருந்தார். அவள் முழங்காலால் நகர்ந்து ஆறு பிறக்கும் இடத்துக்குப் போனாள்.

அங்கே கடல்.

பேனா மையைப் பஞ்சில் தோய்த்து, மேலே மேலே பூசிய நீலம். தாள் தடித்துப் போயிருந்தது. ஓரத்தில், ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதுகிற அதே நேர்த்தியான கையெழுத்து: வானதிப்பட்டணம், கடல் கொண்டது. கீழே தேதி. அவள் பதிவு செய்த நாளுக்கு மறுநாள்.

ஆத்திரத்தில் ஒருநாள் செய்தது என்றால் விட்டிருப்பாள். அந்தக் கடலில் மீன்கள் இருந்தன. நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் செதில் செதிலாகப் போட்டிருந்தார். சில மீன்கள் பழையவை, சில மீன்களின் மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றாள். "வருஷா வருஷம் அந்தத் தேதியில ஒக்காந்து போடுவாரு. காலம்பற ஆரம்பிச்சா சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்க மாட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"நாந்தான் மை வாங்கிக் குடுப்பேன்."

வானதி அப்பாவின் சவர பிளேடை எடுத்தாள். கடலை மட்டும் சதுரமாக அறுத்தாள். டம்ளரில் வெந்நீர் பிடித்து, அதற்குள் கசக்கிப் போட்டாள். நீர் முதலில் இழை இழையாகவும் பிறகு முழுவதுமாகவும் நீலமானது. விரலால் கலக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"என்னடி அது?" என்றாள் அத்தை.

"அவரு மண்ணு."

"ஏய், என்ன கண்றாவிய ஊத்தப்போற?" ராஜராஜன் எழுந்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வானதி அப்பாவின் முகத்துக்கு நேராக டம்ளரைக் காட்டினாள். இடது கண் மெல்ல நகர்ந்து அதில் நின்றது.

"இந்தாப்பா," என்றாள். "ஒன் கடலு."

வாய் திறந்தது. பால் கேட்கும் குழந்தையைப் போல நாக்கு முன்னால் வந்தது. முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். அவள் நான்காவதை எடுத்தபோது அத்தை மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய குரலில் அழத் தொடங்கினாள்.

மதியத்துக்குள் பந்தல் போட்டாகிவிட்டது. குளிப்பாட்டும்போது ராஜராஜன் ஈரத்துண்டால் உதட்டைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நீலம் பரவியது.

"வெஷம் வச்ச மாதிரி இருக்கு. ஊர்ல கேட்டா என்னத்த சொல்றது? வாய நாறடிச்சிட்டு நிக்கிறா பாரு."

"மண்ணாசன்னு சொல்லு," என்றாள் அம்மா. படத்தை நான்காக மடித்து அப்பாவின் தலைக்கடியில் வைத்தாள். மடிப்புக்குள் சதுர ஓட்டை தெரியாமல் போனது.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அத்தை சொம்பில் அரிசியோடு நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ராஜராஜன் முணுமுணுத்தான். "அவ போட வேணாம்."

"பொண்ணுடா அவ. போடட்டும், போயித் தொலையட்டும்."

வானதி சொம்பில் கைவிட்டு அரிசியை அள்ளினாள். தாடை தளர்ந்து அப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. பற்கள் எதையும் கடிக்கவில்லை. அவள் போட்ட அரிசி நாக்கின் மேல் வெள்ளையாக விழுந்தது. அங்கே இருந்த ஈரத்தில், ஓரத்து மணிகள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"நவுருடி," என்றாள் அத்தை. "பின்னாடி நிக்கிறாங்கல்ல."