வானத்தில் வந்த மாப்பிள்ளை

செங்கரட்டு முருகன் கோவில் கும்பாபிஷேகத்துக்கு ஆகாயத்திலிருந்து பூத் தூவுவது என்று முடிவானதற்குக் காரணம் பக்தி அல்ல, பங்காளி. போன வருஷம் பக்கத்து ஊரில் பங்காளி சென்னிமலை நடத்திய கும்பாபிஷேகத்துக்கு யானை வந்தது. யானையை மிஞ்ச வேண்டுமென்றால் விமானம்தான். கமிட்டித் தலைவர் நஞ்சுண்டன் அதற்காக அலையவில்லை. மருமகன் கௌதமனுக்குக் கோயமுத்தூரில் ஸ்பின்னிங் மில். பொழுது போகாமல் குட்டி விமானம் ஓட்டப் பழகியிருந்தார்.

அன்று காலையில் கோபுரத்தின் மேல் குருக்கள் குடங்களோடு நின்றார்கள். மலையைத்தான் காணோம். கோவிலுக்குப் பின்னால் நேற்றுவரை பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றதை மேகம் முழுசாக விழுங்கியிருந்தது.

நஞ்சுண்டன் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"மாமா, கீழ ஒண்ணுமே தெரியலீங்க. ஒரே மேகமாக் கெடக்குது. வரட்டுங்களா, திரும்பிப் போகட்டுங்களா?"

பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்ற மகள் யுவஸ்ரீ, "போகச் சொல்லிருங்கப்பா" என்றாள்.

நஞ்சுண்டன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "ஏங்கண்ணு, வர்ற மாப்ளய வராதீங்கன்னா சொல்றது?"

ஒருமுறை சொல்லிப் பார்த்தவர் அவர். கல்யாணமான வருஷம் வீட்டில் அம்மை போட்டிருந்ததால், ஆடி நோம்பிக்கு வர வேண்டாமென்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை எட்டு மாதம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சமாதானத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் போயும் ஆகவில்லை. கடைசியில் ஒரு மாருதி கார் போய்த்தான் ஆனது.

"மேகம் இருக்குதுன்னாவது சொல்லுங்கப்பா."

"அதுவும் வராதீங்கன்னு சொன்ன மாதிரித்தான், அம்மணி."

முன்வரிசையிலிருந்து சென்னிமலை மெதுவாகக் கேட்டார். "ஏனுங்ண்ணா, ஏரோப்ளேன் வருமுங்களா, இல்ல பூவ லாரில எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா?"

நஞ்சுண்டன் பொத்தானை அழுத்தினார். "வாங்க மாப்ள, வாங்க. லேசா மஞ்சு, அவ்வளவுதான். சனமெல்லாம் உங்களுக்குத்தான் காத்துட்டிருக்குது."

"மலை எங்கீங்க மாமா இருக்குது?"

"மல எங்கீங்க போயிரும்? இருக்கற எடத்துலதான் இருக்கும். நீங்க வாங்க."

"நாஞ் சொல்றேன், குடுங்கப்பா." யுவஸ்ரீ கையை நீட்டினாள். அவர் வாக்கிடாக்கியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "சபைல மானத்த வாங்காத கண்ணு."

சத்தம் வந்தது. விமானம் தெரியவில்லை. மேகத்துக்குள்ளிருந்து செவ்வந்தி கொட்டியது. கொட்டியவன் பின்சீட்டிலிருந்த மில் ஆள் சின்னான். வரட்டுமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்க அவனிடம் வாக்கிடாக்கி இல்லை.

கூட்டம் "அரோகரா" என்றது. ஒரு பூ சென்னிமலையின் வழுக்கையில் விழுந்து அங்கேயே தங்கியது. நஞ்சுண்டன் அதைக் கண்குளிரப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முருகன் அவருக்கென்று தனியாகச் செய்தது அது ஒன்றுதான்.

விமானச் சத்தம் கோபுரத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனது. அங்கே ஒரு பெரிய 'டமார்'. பிறகு சத்தமில்லை.

"வேட்டு பிரமாதமுங்க பாய்" என்றார் சென்னிமலை, மனசில்லாமல்.

வேட்டுக்காரர் பீர் முகம்மது கையிலிருந்த திரியைப் பார்த்தார். "நான் இன்னும் பத்த வெக்கவே இல்லீங்களே."

நல்ல நேரம் தவறக்கூடாதென்று குருக்கள் கலசத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். நாதஸ்வரம் நிற்கவில்லை. சனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பூப் பொறுக்கினார்கள். யுவஸ்ரீ அந்தப் பூவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சுண்டன் பொத்தானை அழுத்தினார். "மாப்ள?"

கரகரப்பு.

"ஏனுங் மாப்ள?"

பின்னால் மேகம் ஓரிடத்தில் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளுக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"வர வேண்டாமுங்க மாப்ள. திரும்பிப் போயிருங்க."

இந்தத் தடவை மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை.