மஞ்சள் கைப்பட்டை

என் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையை மாட்டிவிட்ட வரவேற்பறைப் பெண்ணுக்கு மேல்வரிசையில் நான்கு பற்கள் செயற்கை. வேலை சுமார்தான். பல் லேபில் பதினாறு வருடமாகப் பல் செய்கிறவள் நான். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். அன்றைக்கு அது கொஞ்சம் கைப்பக்கமும் போயிருந்தால், என் தோழிக்கும் அவளுடைய இரண்டு குழந்தைகளுக்கும் நீலப் பட்டை, எனக்கு மட்டும் மஞ்சள் என்பது அங்கேயே உறைத்திருக்கும்.

தோழிக்கு ஹாஸ்டல் நாளிலிருந்தே 'கமிஷனர்' என்று பெயர். நிற்பதும் உத்தரவு, நடப்பதும் உத்தரவு. அவள் சிரிக்கும்போது தெரிகிற முன்பல் நான் செய்தது. சைக்கிளிலிருந்து விழுந்து ஒரிஜினலை உடைத்துக்கொண்டு வந்தவளுக்கு, நிறம் பொருந்தவில்லை என்று மூன்று முறை அழித்து அழித்துச் செய்தேன். அப்படிப்பட்டவள் போன் செய்து, "நாலு நாள், கடற்கரை ரிசார்ட், நீயும் நானும் பழையபடி விடிய விடியப் பேசலாம்" என்றால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? இரண்டு வருடமாக லீவே எடுக்காத நான் முதலாளியிடம் மல்லுக்கு நின்று லீவு வாங்கினேன். நீச்சல் உடைகூட வாங்கினேன். முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும், அவளோடு பேச வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

போய் இறங்கிய மதியமே சாப்பாட்டு அறை வாசலில் பரிமாறுபவர் என்னை மட்டும் நிறுத்தினார். மஞ்சள் பட்டைக்காரர்களுக்குப் பின்னால் தனி அறையாம், சாப்பாடு அரைமணி கழித்தாம். குரலில் மரியாதை இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நான் கமிஷனரைப் பார்த்தேன். அவள் மூன்று வயதுப் பையனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தக் காலர் சரியாகத்தான் இருந்தது.

"நீ இப்போதைக்குப் போய்ச் சாப்பிடு, நான் அப்புறம் பேசிக்கறேன்" என்றாள், நிமிராமலே.

பின் அறையில் நீளமான ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓட்டுநர்கள் இரண்டு பேர், பிள்ளை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர். என் பக்கத்திலிருந்த அம்மாவின் மடியில் மடித்து வைத்த குழந்தைத் துண்டுகள் இருந்தன. கடைவாய்ப் பல் இரண்டு இல்லை, ஒரு பக்கமாகவே மென்றார். எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நான் பிள்ளை பார்க்க வரவில்லை, அவளுடைய சிநேகிதி என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அப்படியா? என்னையும் வீட்ல ஒருத்தின்னுதான்மா சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க" என்றார்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என்னை எதுவாக நினைத்தார்கள் என்ற கோபம் ஒருபக்கம். அவரை ஒருபக்கமாகவே மெல்லும்படி விட்டுவிட்டு வீட்டில் ஒருத்தி என்கிறார்களே என்ற கோபம் இன்னொருபக்கம். இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைப் பெண்ணிடம் போய், என் பெயரில் எழுதிய தாளைக் காட்டச் சொன்னேன்.

காட்டினாள். 'குழந்தை பராமரிப்பாளர்' என்று போட்டு என் பெயர். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை குழந்தைகள் என் பொறுப்பு. நீச்சல் குளத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதிமொழி. கீழே என் கையெழுத்து.

என் கையெழுத்தேதான், கடைசியில் ஒரு புள்ளியோடு. அந்தப் புள்ளியை நான் வைப்பதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

ஹாஸ்டலில் மாலை ஏழு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கமிஷனர், பின்னாளில் கணவராகப்போகிறவரைப் பார்த்துவிட்டு எட்டுக்கு வருவாள், அவளுக்கு நான் போடுவேன். நான் லேபில் மாட்டிக்கொண்டால் எனக்கு அவள் போடுவாள். ரஃப் நோட்டு முழுக்க எழுதிப் பழகினோம். வார்டனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. அந்தக் கையைத்தான் இதற்கு எடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவளை மணலில் வைத்துக் கேட்டேன். குழந்தைகள் சற்றுத் தள்ளிக் குழி தோண்டிக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகளோடு வருகிற அம்மாக்களுக்கு, கூட ஆள் இருந்தால்தான் மசாஜ் பகுதியில் இடம் தருவார்களாம். நான்கு நாளும் அவள் இடம் பிடித்திருந்தாள், காலையும் மாலையும். அப்புறம் எப்போதடி பேசுவது என்றேன். வெறும் பேப்பர்தானே, இதற்குப் போய் இப்படிக் குதிக்கிறாயே என்று பூசி மெழுகினாள். நான் விடவில்லை. அப்போதுதான் வாயை விட்டாள்.

"உனக்குன்னு வீட்ல யாரும் இல்ல. பிள்ளைங்களோட இருந்தா உனக்கும் சந்தோஷமா இருக்கும்னுதான் செஞ்சேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இவள் எனக்கு இரக்கம் காட்டுகிறாளாம்! உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேட்டிருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? அந்த இரண்டும் என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவை. ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு 'தப்புதான்டி'க்காகக் காத்திருந்தேன். அவள் நன்றாகத் தூங்கினாள். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்னவனுக்குத் தொப்பி மறக்காதே என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

பெரியவளை ஒரு கையிலும் சின்னவனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக்கு நடந்தேன். தொப்பி போட்டுத்தான் கூட்டிப்போனேன். பராமரிப்பாளரை விடுவிக்க என்ன வழி என்று கேட்டேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. விருந்தினர் கையெழுத்துப் போட்டால் போதும், மசாஜ் தானாக ரத்தாகிவிடும், பிள்ளைகளை அம்மாவிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். வாங்கி வருகிறேன் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு, தூணுக்கு அந்தப்பக்கம் சோபாவில் உட்கார்ந்தேன். அவளுடைய முதல் எழுத்தில் பெரிய சுழி, அடியில் இரட்டைக் கோடு. கை கொஞ்சமும் தயங்கவில்லை.

வரவேற்பறைப் பெண் படிவத்தோடு கூடவே வந்தாள். மசாஜ் அறைக் கதவைத் தட்டினோம். நெற்றியெல்லாம் எண்ணெயாகக் கமிஷனர் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றாள். அந்தப் பெண் படிவத்தை நீட்டினாள்.

கமிஷனர் பார்த்தாள். இரட்டைக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இது போலி என்று சொன்னால், எனக்கு எழுதிய தாளையும் எடுக்கச் சொல்வேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னோட கையெழுத்துதான்" என்றாள்.

அந்தப் பெண் கத்தரிக்கோலை எடுத்து என் மஞ்சள் பட்டையை வெட்டினாள். சின்னவன் அம்மாவின் எண்ணெய்க் காலைக் கட்டிக்கொண்டான். பெரியவள் மட்டும் என் விரலை விடவில்லை.

"சித்தி, நீங்க வரலையா?"

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வெளியே போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைக் காவலர் நீட்டினார். என் பெயருக்கு நேராக, புள்ளி வைக்காமல் போட்டேன்.