கல்யாணக் காரும் மூன்று இங்கிலீசுச் சொற்களும்

இத்தாலியில், பல்லரோச் சந்தையின் நடுவில், மீன்காரனுக்கும் கத்தரிக்காய்க்காரனுக்கும் இடையில், றெபேக்காவின் கல்யாணக் கார் நின்றுவிட்டது. அவளுடைய அப்பா றோபேட் வேலை செய்யும் வீட்டு எசமானி, அந்தச் சிஞோரா, இரவல் கொடுத்த கார் அது. சந்தை வழியே போனால் சுருக்க வழி என்று கெட்டித்தனம் காட்டியவரும் அப்பாதான். ஐந்து மணிக்கு மாதா கோயிலில் சுவாமியார் இன்னொரு கல்யாணத்தை நடத்தி வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் இன்றைக்குத் தாலி ஏறாது. இன்றைக்கு ஏறாவிட்டால் அப்பா மனம் மாறிவிடுவார் என்பது றெபேக்காவுக்கு நன்றாகவே தெரியும். மொறீசியஸ்காரன், அதுவும் தமிழ் மறந்துபோன சைவக் குடும்பத்து மாப்பிள்ளை பிரயனுக்கு அவர் ஓம் சொல்லவே இரண்டு வருடம் பிடித்தது.

கார் நின்ற செய்தி கேட்டுத் தேடிக்கொண்டு வந்தவர் பிரயனின் அப்பா சிவராமென். சின்னக் காரும் பெரிய கயிறுமாக வந்து இறங்கினார். இனிக் கட்டி இழுக்க வேண்டியதுதானே என்று றெபேக்கா சந்தோஷப்பட்டாள். பாவம், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

இரண்டு அப்பாக்களுக்கும் இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தங்களுக்குள் இங்கிலீசில்தான் கதைப்பார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட இரண்டு தீவுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்லவா, யாருடைய இங்கிலீசு உசத்தி என்பது இன்னும் முடிவாகவில்லை.

கயிற்றைக் கட்டிக்கொண்டே சிவராமென், நான் ஹோல் பண்ணுகிறேன் என்றார். அப்பா நிமிர்ந்தார். ஹோல் என்பது பாரச் சாமான் இழுப்பதற்கான சொல், காரென்றால் டோ என்று சொல்ல வேண்டும் என்றார். தன் ஊரான மன்னாரில், கடலில் பழுதான வள்ளத்தை மற்ற வள்ளம் இழுத்து வருவதற்கும் டோதானாம். எங்கள் ஊரில் அத்தனை கரும்பையும் ஹோல்தான் பண்ணினோம், ஒரு கரும்பும் குறை சொன்னதில்லை என்றார் சிவராமென். என் பிள்ளை என்ன கரும்புக் கட்டோ என்று கேட்டார் அப்பா.

கூட்டம் கூடிவிட்டது. மீன்காரன் வாள்மீனைப் பாதி வெட்டில் போட்டுவிட்டு வந்து, ஒரு சொல்லும் விளங்காமலே அப்பாவின் கட்சியில் சேர்ந்தான். கத்தரிக்காய்க்காரன் சிவராமென் பக்கம். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹோர்ன் அடித்தன. அப்பா கோட்டும் சூட்டுமாக நின்று, பழுதான வள்ளம் எப்படி அசைந்து வரும் என்று இடுப்பை ஆட்டிக் காட்டினார். உள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த றெபேக்காவுக்கு, அழுகை வர வேண்டிய நேரத்தில் அடக்க முடியாத சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பொறுமை கெட்ட சிவராமென், சரி, ட்றாக் பண்ணிக்கொண்டாவது போய்ச் சேருவோமே என்றார். அப்பாவின் முகம் கறுத்தது. ட்றாக் என்றால், வரமாட்டேன் என்று நிற்பவரைத் தரதரவென்று இழுப்பது. என் மகளை அப்படி ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்தே விட்டார்.

றெபேக்காவின் சிரிப்பு நின்றது. கதவைத் திறந்து, வெள்ளைச் சேலையோடு மீன் தண்ணீரில் இறங்கினாள்.

"அப்பா, வரமாட்டன் எண்டு நிண்டது நானோ, நீங்களோ? ரெண்டு வருசமா நான்தான் உங்களை இழுத்துக்கொண்டு வாறன். அதுக்கு இங்கிலீசிலை என்ன சொல் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

மீன்காரனுக்குக்கூட ஏதோ விளங்கியிருக்க வேண்டும், கட்சி மாறி றெபேக்காவின் பக்கம் வந்து நின்றான். அப்பா மகளின் நனைந்த சேலைக் கரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவிழ்த்த கயிற்றைத் தானே திரும்பக் கட்டினார், முன்னதைவிட இறுக்கமாக. அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, தானும் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

முன்னால் சிவராமென் தன் காரிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். எந்தச் சொல்லைச் சொன்னால் என்ன வருமோ என்று பயந்து, போவோமா என்று கையால் கேட்டார். அப்பா கண்ணாடியை இறக்கினார். இத்தனை நாளும் மிஸ்டர் சிவராமென் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடாத மனிதர், சந்தைக்கே கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்.

"இழுங்கோ, சம்பந்தி."