படபடப்புக்கு ஒரு மாத்திரை

சாவியோவுக்கு எது நோய், எது மருந்து என்றே குழம்பிப்போயிற்று. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கிவிட்டு ராயபுரம் வீட்டுக்கு வந்த காலையில் ஆஸ்துமா இழுப்பு கண்டது. நீல இன்ஹேலர் பம்ப்பை வாயில் வைத்துப் பலமுறை அழுத்தினான். மூச்சு திறந்தது, ஆனால் நெஞ்சு தறிகெட்டு அடித்தது, விரல்கள் நடுங்கின.

"ஃப்ளோரா, ஆர்ட்டு நின்னுடும் போல கீது."

"நிக்கப்போறது இப்படியா ஓடும்? சும்மா கெட," என்றாள் மனைவி. தைராய்டுக்காரியான அவளுக்குப் படபடப்பு பழக்கம். அதற்கு எழுதிக்கொடுத்த மாத்திரை மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டில் ஒருவர் மாத்திரையை மற்றவர் விழுங்குவது வழக்கம்தான். "எனக்கு இதான் அடக்குது. நீயும் போடு."

போட்டான். படபடப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பியது. பம்ப்பை அழுத்தி அழுத்திப் பார்த்தான். காற்று உள்ளே போகவில்லை. ஃப்ளோரா அவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

முகமூடி வழியாக மருந்து புகையாக ஏறியது. ஃப்ளோரா பையிலிருந்து எடுத்து நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டரம்மா அவளை முறைத்தார். "பம்ப் மருந்து மூச்சுக்குழாயைத் திறக்கும், நெஞ்சையும் ஓடவிடும். இந்த மாத்திரை நெஞ்சை அடக்கும், குழாயையும் பூட்டிடும். இழுப்புக்காரங்களுக்கு இது ஆகாது."

"அப்போ எத்த நம்புறது டாக்டர்?" என்றாள் ஃப்ளோரா.

மதியம் மூச்சு சீரானது. நெஞ்சு மறுபடி ஓடத் தொடங்கியது. ஃப்ளோராவின் கை பழக்கதோஷத்தில் மாத்திரை எடுக்கப் பைக்குள் போனது. சாவியோ அதை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"வுடு. ஓடிகினே கெடக்கட்டும்."